திறக்க மறுத்த வீடியோ

அத்தியாயம் 9

"நான்தான் கொன்னேன்."

நேற்றுப் பகலிலிருந்து விஜய்பாண்டியின் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். குற்றாலம் காவல் நிலைய சப்-இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி அதட்டிப் பார்த்தார், தணிந்து பேசிப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம். எப்படிக் கொன்றாய் என்றால் பதில் கிடையாது. ஏன் என்றால் அதற்கும் கிடையாது. லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

செத்துப்போனவன் சந்தோஷ்குமார். விஜய்பாண்டியின் தங்கை ஜெயபிரியாவுக்கு முந்தாநாள் சுரண்டையில் தாலி கட்டியவன். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், ஐந்தருவிக்கு மேலே போர்டு வைத்து மறித்திருந்த பாறைப் பக்கம் அவுட்டோர் வீடியோ எடுக்கப் போயிருக்கிறார்கள். போகாதே என்று போர்டு வைத்தால் அங்கேதான் வீடியோ நன்றாக வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. ஜெயபிரியா சேலை மாற்றக் காருக்குப் போன நேரத்தில் மாப்பிள்ளை வெள்ளத்தோடு போய்விட்டான். அப்போது மேலே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் விஜய்பாண்டி, இன்னொருவர் வீடியோகிராபர் இசக்கிமணி.

கீழே மாங்காய் விற்கும் மாடன், இரண்டு பேரும் கையைப் பிடித்து மல்லுக்கட்டினார்கள், ஒருத்தன் விழுந்தான் என்று சாட்சி சொல்லிவிட்டார். தங்கையின் காதலுக்குக் குறுக்கே நின்று, ஒரு வருஷமாக சந்தோஷோடு முகம் கொடுத்துப் பேசாதவன் விஜய்பாண்டி என்பது சுரண்டை முழுக்கத் தெரிந்த கதை. போதாதா?

"சாயங்காலம் தென்காசில மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்," என்றார் சங்கரேஸ்வரி. "அங்கயும் இதையேதான் சொல்லுவான். சொல்லிட்டாம்னா பொறவு நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது, கடற்கரை அண்ணாச்சி."

கடற்கரை தலையை மட்டும் ஆட்டினார். அவரும் ஒரு காலத்தில் போலீஸ்தான். கன்ட்ரோல் ரூமில் கேமரா பதிவுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், வேலையை விட்டுத் தென்காசியில் துப்பறியும் நிலையம் வைத்தவர். அவருடைய உதவியாளர் ஜுஹைனா கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. இன்றைக்கு அந்த வாய்கூட அடங்கியிருந்தது. காரணம், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயபிரியா.

ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்க நேரமாகும் என்றதும் அவள் யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்துவிட்டாள். அழவில்லை. யாருக்காக அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும் அண்ணாச்சி. எங்கண்ணன் தள்ளுனானா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, அவன் மொகத்துல முழிக்க மாட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தா என்னால மூச்சு விட முடியல."

"வீடியோ எடுத்தாருல்லா? அதுல இருக்கும்லா?" என்றார் கடற்கரை.

சங்கரேஸ்வரி மேசை மேல் ஒரு பென்டிரைவை வைத்தார். "கேமரா கார்டுக்கு சீல் வச்சாச்சு. அதுல இருந்தத காப்பி எடுத்துருக்கோம். தொறக்கவே மாட்டேங்கு. கேமரா தண்ணில விழுந்து கெட்டுப்போச்சுங்காரு இசக்கிமணி. சாயங்காலத்துக்குள்ள எதையாவது கண்டுபிடிங்க. எனக்கும் இந்தப் பிள்ள மொகத்தப் பாக்க முடியல."

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடற்கரையின் ஆபீசில், ஜுஹைனா பென்டிரைவைச் செருகினாள். உள்ளே இரண்டு ஃபைல்கள். சின்னது உடனே ஓடியது. ஒரு பிள்ளையார் படம், முன்னால் கற்பூரம் எரிகிறது, அவ்வளவுதான்.

"ஏட்டையா பென்டிரைவ் போல. குட்மார்னிங் வீடியோவும் சேந்து வந்துட்டு," என்றாள். "பாருங்க, பிள்ளையார் காதுல ஒரு கறுப்புப் புள்ளி. திருஷ்டிப் பொட்டு வச்சிருக்காவ."

"அத விடு. பெருசத் தொற."

பெரியது திறக்கவில்லை. வேறொரு பிளேயரில் போட்டாள். அதிலும் திறக்கவில்லை. மூன்றாவது பிளேயர், இது வீடியோவே அல்ல என்று சாதித்தது.

"ரொம்ப ரோஷமான வீடியோ அண்ணாச்சி. யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேங்கு."

வெளியே காற்று ஊளையிட்டது. கரண்ட் போய், இன்வெர்ட்டர் முனகிவிட்டு எழுந்தது. கடற்கரை மேலே சுழல மறந்த ஃபேனைப் பார்த்தார்.

"கன்ட்ரோல் ரூம்ல காத்து சீசன்னா கரண்டு போயிப் போயி வரும். ஒரு நாளாவது பதிவு மொத்தமா போச்சான்னா, இல்ல. கடைசியில ஒரு துணுக்குதான் போவும். ஏன் தெரியுமா? அங்க இருக்க ரெக்கார்டர் பெட்டி கொஞ்சம் கொஞ்சமா எழுதி, எழுதுனத அப்பப்ப மூடி வச்சிரும். கரண்டு போனா கையில இருக்க துண்டுக்கு மட்டும்தான் சேதம். இந்த மாதிரி கேமரா அப்படி இல்ல. படத்த வரிசையா கொட்டிக்கிட்டே போவும். எந்தப் படம் எங்கன இருக்கு, என்ன அளவுங்கற வெவரத்த ஸ்டாப் அமுக்குன பொறவுதான் எழுதும். அமுக்காம பாதியில நின்னா, படம் அத்தனையும் உள்ள இருக்கும், வெவரம் இருக்காது."

"கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்பு கெடக்க மாதிரி. எல்லாம் அங்கனதான் கெடக்கு, எதுக்கு எது ஜோடின்னு தெரியாது."

"அதேதான். ஒரு ஜோடி ஒழுங்கா கெடச்சா மத்தத அளவு பாத்துச் சேத்துரலாம். அதே கேமராவுல அதே மாதிரி எடுத்து, ஒழுங்கா மூடுன வீடியோ ஒண்ணு வேணும். சின்னதா இருந்தாலும் போதும்."

"அப்போ சுரண்டைக்குப் போவோம். இசக்கிமணிட்ட இல்லாத வீடியோவா?"

சாரலில் நனைந்துகொண்டே பைக்கில் போனார்கள். வழியெல்லாம் காற்றாலைகள் ராட்சசத்தனமாகச் சுற்றின. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்ற பதில்தான் கிடைக்கும் என்று கடற்கரையின் மனம் அடித்துக்கொண்டது. கொலை செய்யாதவன் எதற்காகக் கொன்றேன் என்று சொல்ல வேண்டும்? இருபது வருஷ போலீஸ் புத்திக்கு வேறு பதில் தெரியவில்லை.

இசக்கிமணியின் ஸ்டூடியோ சுரண்டை மார்க்கெட் பக்கம் மாடியில் இருந்தது. நாற்பது வயது மனிதர். ஒரு சடங்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்து கிடந்தது. தூங்கவில்லை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டேனே அண்ணாச்சி. பாறை வழுக்குச்சு, கேமரா தண்ணில விழுந்துட்டு. மாப்பிள்ளை விழுந்தத நான் பாக்கல."

"கேமராவக் காட்டுங்க."

"மதுரைக்கு ரிப்பேருக்குக் குடுத்துவிட்டுட்டேன்."

"அதுல எடுத்த வேற வீடியோ?"

"அது புதுசு. மண்டபத்துல பழைய கேமராவுலதான் எடுத்தோம். அவுட்டோருக்குத்தான் அத மொதமொதல்ல எடுத்தது. வேற ஒண்ணும் கெடையாது."

"வெறும் கேமரா, வெறும் கார்டு, வெறும் கை," என்றாள் ஜுஹைனா. "எல்லாத்தையும் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு அண்ணே."

இசக்கிமணி அவளைப் பார்க்காமல் பையில் ஒயர்களைத் திணித்தார். மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. இரண்டு பேரும் வெளியே மாடிப்படிக்கு வந்தார்கள். கடற்கரையின் போன் அடித்தது. சங்கரேஸ்வரி.

"ஜீப்பு ரெடி அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பணும். அந்தப் பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. என்ன சொல்ல?"

"செத்த நேரம் நிறுத்தி வைங்கம்மா," என்றார் கடற்கரை. எதற்காக நிறுத்தச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துப்பறியும் நிபுணர் என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறாரே, அந்த எழுத்தை அழித்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கலாம் போலிருந்தது.

ஜுஹைனா உட்காரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிமணி சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தார். படத்தை நோக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் பதிவு செய்து, நிறுத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி."

"என்னம்மா?"

"அந்தப் பிள்ளையார நான் பாத்துருக்கேன். காலையில, நம்ம ஆபீஸ்ல."

கடற்கரை எழுந்த வேகத்தில் செருப்பு ஒன்று கீழ்ப்படிக்குப் போய்விட்டது. அதை எடுக்காமலே உள்ளே நுழைந்தார். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"இது என்ன பழக்கம் இசக்கி?"

"எங்கப்பா கேசட்டு காலத்துலயே பண்ணதுதான் அண்ணாச்சி. எந்த வேலைக்குப் போனாலும், கார்டுல மொதல்ல பிள்ளையாரு. ஆல்பம் குடுக்கது வரைக்கும் அத அழிக்க மாட்..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கேமராவைப் பையில் வைக்கப் போனார். அதற்குள் ஜுஹைனா அதன் சின்னத் திரையில் தலையை நீட்டிவிட்டாள். பிள்ளையாரின் காதில் ஒரு கறுப்புப் புள்ளி. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தில் புள்ளி எதுவும் இல்லை.

"தூசி கேமராவுக்குள்ள இருக்கு. காலையில பாத்த வீடியோவுலயும் இதே எடத்துல இதே புள்ளி," என்றாள். "மதுரைக்குப் போன கேமரா அதுக்குள்ள திரும்பி வந்துட்டு போல. நனையவும் இல்ல. எந்த பஸ்ல அண்ணே வந்துச்சு?"

"அந்தக் கார்ட ஃபார்மேட் பண்ணியிருந்தா கத முடிஞ்சிருக்கும்," என்றார் கடற்கரை. "உங்களுக்குக் கை வரல. பிள்ளையாரு இருந்தாரு."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார் இசக்கிமணி. "அதத் தொறக்காதிய. கால்ல விழுதேன்."

ஜுஹைனா அதற்குள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டாள். பென்டிரைவிலிருந்த சின்ன ஃபைலை முன்மாதிரியாகக் காட்டி, பெரியதைச் சேர்க்கச் சொன்னாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. கோடு முடிந்ததும் அருவிச் சத்தம் அறையை நிறைத்தது.

சந்தோஷ் பாறையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் கொஞ்சம் தள்ளி விஜய்பாண்டி, கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக. சந்தோஷ் ஒரு அடி பின்னால் வைக்கிறான். கால் வழுக்குகிறது. விஜய்பாண்டி பாய்ந்து அவன் கையைப் பிடிக்கிறான்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மிகத் தெளிவாக: "சூப்பர், சூப்பர். மச்சானும் மாப்பிள்ளையும் அப்படியே பிடிச்சுக்கிட்டு இங்கன பாருங்க."

ஜுஹைனா கையால் வாயைப் பொத்தினாள்.

திரையில் விஜய்பாண்டி ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு பாறையில் குப்புறக் கிடந்தான். மறு கையில் சந்தோஷ் தொங்கினான். தண்ணீர் நிறம் மாறி, திமுதிமுவென்று ஏறியது. "இசக்கியண்ணே, கேமராவப் போட்டுட்டு வாங்கண்ணே. கையக் குடுங்கண்ணே," என்று விஜய்பாண்டி கத்தினான். திரும்பத் திரும்பக் கத்தினான். படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. அத்தனை நேர்த்தியாகப் பிடித்திருந்தார் இசக்கிமணி. பிறகு பிடி நழுவத் தொடங்கியது, படம் நின்றுவிட்டது.

இசக்கிமணி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"வெளையாடுதாவன்னு நெனச்சேன் அண்ணாச்சி. பொறவு தெரிஞ்சுது. தெரிஞ்ச பொறவும் காலு நகரல. கண்ணுக்கு முன்னால கேமரா இருந்தா எல்லாம் படமாத்தான் தெரியுது. அவன் போன பொறவுதான், என் சத்தம் உள்ள பதிஞ்சு கெடக்குன்னு ஒறச்சுது. ஸ்டாப் அமுக்காம பேட்டரிய உருவுனா வீடியோ செத்துரும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். உருவிட்டேன்."

"ஒரு ஆளு உயிரோட கெடந்து கொலைன்னு ஒத்துக்கிட்டு இருக்கான். அதுவும் ஒறைக்கலியா?" என்று கேட்டாள் ஜுஹைனா. கேலி எல்லாம் போய், அவள் குரல் உடைந்திருந்தது.

கடற்கரை வீடியோவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, இசக்கிமணியையும் ஆட்டோ வைத்துப் பின்னால் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"ஜெயிச்சுட்டோம் அண்ணாச்சி, ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றாள் ஜுஹைனா, பைக்கின் பின்னாலிருந்து.

"தள்ளல, சரி. ஆனா கடைசியில கை நழுவுது பாத்தியா? அவன் விட்டுட்டான். அதத்தான் கொன்னேங்கான். இத ஜட்ஜு பாத்தாலும் அவன் அதையேதான் சொல்லுவான். சாவுத வரைக்கும் சொல்லுவான்."

ஜீப் புறப்படத் தயாராக இருந்தது. விஜய்பாண்டியை வெளியே கூட்டி வந்திருந்தார்கள். கடற்கரை போனை சங்கரேஸ்வரியிடம் நீட்டினார். ஜெயபிரியா குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். புருஷன் சாவதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அவள் முழுவதும் பார்த்தாள். இசக்கிமணியின் குரல் வந்த இடத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மூன்றாவது முறை, கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

"மேடம், இங்கன பாருங்க," என்றாள். "அவுக இன்னொரு கை மேல வருது."

"ஆமா. பிடிக்க வாரான்."

"பிடிக்க வரல. பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து சந்தோஷின் இடது கை மேலே வந்தது. புது மோதிரம் மின்னியது. வேர் பாதி பிடுங்கிக்கொண்டிருந்தது. விஜய்பாண்டியின் உடம்பு பாறையின் விளிம்பு தாண்டி இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த இடது கை, விஜய்பாண்டியின் விரல்கள் மேல் வந்தது. சுண்டு விரலை எடுத்துவிட்டது. அடுத்த விரலையும் எடுத்துவிட்டது. இரண்டு விரல்கள் மிச்சமிருக்கும்போது படம் நின்றது. பேட்டரியை உருவியதில் அதற்கு மேல் இருந்த கடைசித் துணுக்கு கார்டுக்கு வந்து சேரவில்லை.

கடற்கரை தலை குனிந்து நின்றார். இருபது வருஷ கன்ட்ரோல் ரூம் கண்ணுக்குத் தெரியாதது, தாலி கட்டி இரண்டு நாள் ஆன பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெயபிரியா அண்ணனிடம் போனாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, போனை முகத்துக்கு நேரே காட்டினாள். "பாரு. நல்லாப் பாரு. நீ விடல."

அவன் பார்த்தான். நேற்றிலிருந்து அசையாத முகம் கோணியது. தன் வலது கையை எடுத்து, அந்த விரல்களையே பார்த்தான்.

"பிடி வழுக்குதுன்னு நெனச்சேன் பிரியா," என்றான். "எனக்கு வலு பத்தலன்னு நெனச்சேன். மனசுக்குள்ள பழைய கோவம் இருந்துதான் விட்டுட்டேனோன்னு... ராத்திரியெல்லாம் அதுதான்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நேற்றிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். காவலுக்கு நின்ற ஏட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சங்கரேஸ்வரி கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு வந்தார். "போய்த்தான் ஆவணும் விஜய். இந்த வீடியோவும் வரும், இசக்கிமணியும் வருவாரு. ஆனா ஜட்ஜு ஒன்னத்தான் மொதல்ல கேப்பாரு. என்ன சொல்லுவ?"

விஜய்பாண்டி தங்கையை விலக்காமலே நிமிர்ந்தான்.

"எங்க மாப்ள என்ன காப்பாத்திட்டுப் போனாருன்னு சொல்லுவேன்," என்றான்.